பேட்டை டிராவல்ஸில் ஐரோப்பா: எதற்குக் காசு கொடுக்கலாம், எங்கே கணக்குக் கேட்க வேண்டும்

மண்ணடியில் உம்ரா, மேற்கு மாம்பலத்தில் காசி, கயா என்று சென்னையில் பேட்டைக்குப் பேட்டை ஒரு பயணத் தொழில் உண்டு. அந்த வரிசையில் ஐரோப்பாவை மட்டும் பிடித்துக்கொண்ட சிறு டிராவல்ஸ் கடைகளும் வந்துவிட்டன. இரண்டு மேசை, ஒரு பிரின்டர், நாற்காலி நிறைய ஃபைல்கள். பெரிய கம்பெனியின் குரூப் டூரில் பஸ் ஏறப் பிடிக்காதவர்கள், அதே நேரம் எல்லாவற்றையும் தாமே நெட்டில் போடத் தயங்குகிறவர்கள் இங்கே வருகிறார்கள். நல்ல கடை கிடைத்தால் விசா ஃபைலுக்கும் பயணத்தின் நாள்வரிசைக்கும் கொடுக்கும் காசு வீண்போகாது. டிக்கெட், ஹோட்டல் விஷயத்தில் மட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே கடையின் தரம் தெரிந்துவிடும். பிரான்ஸ், சுவிஸ், இத்தாலி என்று மூன்று நாடு சொன்னதும், தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி "எங்கே எத்தனை ராத்திரி?" என்பதுதான். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகக் கிடைக்கும் ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. இதைக் கேட்காமல் "அந்த நாட்டுக்கு ஸ்லாட் (விசா மையத்தில் நேரில் வர நாள்) இருக்கு, அங்கேயே போட்டுடலாம்" என்று சொல்லி, அதற்கேற்ப ராத்திரிகளைக் கூட்டிக் குறைத்து எழுதுகிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். விசா வந்த பிறகு ஹோட்டல்களை ரத்து செய்து வேறு வழியில் போனால், எல்லையில் கேள்வி வரும். வாங்கிய விசாவையே ரத்து செய்யவும் எல்லை அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு.

விசா கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயது முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. இதற்கு மேல் விசா மையத்தின் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் கடையின் கூலி. இந்த மூன்றையும் தனித்தனி வரியாக பில்லில் காட்டச் சொல்லுங்கள். விசா மையத்தில் நாள் வாங்கக் கட்டணம் கிடையாது. "ஸ்லாட் சார்ஜ்" என்று ஒரு தொகை பில்லில் இருந்தால் அது யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, 45 நாள் வரையும் போகலாம். ஏப்ரல், மே பள்ளி விடுமுறைக்கு ஊரே கிளம்புவதால், டிசம்பரிலேயே ஃபைலைத் திறக்கிற கடைதான் தொழில் தெரிந்த கடை.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கல், பெயர். இனிஷியலோடு வாழ்கிற நமக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது சகஜம். டிக்கெட் எடுக்கும் கணினியோ அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது. அதை எப்படி நிரப்புவது என்பதில் ஏர்லைனுக்கு ஏர்லைன் வழக்கம் வேறு. அப்பாவுக்கு ஒரு மாதிரி, அம்மாவுக்கு இன்னொரு மாதிரி என்று அடித்துவிட்டால் செக்-இன் கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். வழியில் துபாயில் இரண்டு நாள் இறங்கலாம் என்று நினைத்தால் இன்னும் கவனம் வேண்டும், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்கு 2022 நவம்பரில் அமீரகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நல்ல கடைக்காரர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் முதல் நாளே வாங்கி மூன்று விஷயங்களைப் பார்ப்பார்: பெயர்க் கட்டங்கள், இரண்டு வெற்றுப் பக்கங்கள், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் ஆயுள். குறை இருந்தால் பாஸ்போர்ட்டை மறுபடி எடுக்க அப்போதுதான் நேரம் இருக்கும்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருப்புத் தொகையைவிட அதன் நடையைத்தான் பார்ப்பார்கள். மாதச் சம்பளம் வருகிறதா, செலவு ஓடுகிறதா என்று. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமனாரிடமிருந்து ஐந்து லட்சம் வந்து விழுந்தால் அது பலம் அல்ல, சந்தேகம். அதற்கு ஒரு கடிதமும் ஆதாரமும் சேர்ப்பது கடையின் வேலை. விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதமான கவரிங் லெட்டரும் அப்படியே. யார் செலவு செய்கிறார்கள், லீவு எத்தனை நாள், திரும்பி வர என்ன காரணம், இந்த மூன்றும் உங்கள் வாழ்க்கையோடு பொருந்தி இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றித் தருகிற கடைகள் உண்டு. கையெழுத்துப் போடும் முன் முழுதாகப் படியுங்கள். இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் எல்லா நாட்களுக்கும், ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்ல வேண்டும்.

விசாவுக்கு முன் டிக்கெட்டுக்கு முழுப் பணம் கட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபைலுக்கு முன்பதிவு போதும். ஆனால் போலி ஹோல்டு (பணம் கட்டாமல் பிடித்து வைத்ததாகக் காட்டும் பதிவு) வேண்டாம், ஃபைல் கொடுத்த மறுநாளே ரத்தாகிற ஹோட்டல் பதிவும் வேண்டாம். தூதரகம் ஹோட்டலைக் கூப்பிட்டு விசாரித்தால், "பயண நோக்கத்துக்கான தகவல் நம்பத்தக்கதாக இல்லை" என்ற காரணத்தோடு மறுப்பு வரும், அடுத்த விண்ணப்பத்திலும் அது துரத்தும். விசா வந்து பணம் கட்டிய அன்றே 13 இலக்க டிக்கெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஆறெழுத்து பிஎன்ஆர் மட்டும் கையில் இருந்தால் அது வெறும் பதிவாகவே இருக்கலாம், கெடு தாண்டினால் தானாக விழுந்துவிடும்.

நாள்வரிசை எழுதுவதில்தான் சிறப்புக் கடைக்கும் சாதாரணக் கடைக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பாரிஸில் செவ்வாய்க்கிழமை லூவர் மியூசியம் மூடியிருக்கும், திங்கட்கிழமை வெர்சாய் அரண்மனையும் ஓர்சே மியூசியமும் மூடியிருக்கும். இது தெரியாமல் எழுதிய அட்டவணைகள் இன்னும் சுற்றுகின்றன. ஈஃபில் கோபுர லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பும், ரோம் கொலோசியம் டிக்கெட் 30 நாள் முன்பும் திறக்கும். கொலோசியத்தில் பார்வையாளர் பெயரே டிக்கெட்டில் இருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். பாரிஸிலிருந்து சுவிஸின் இன்டர்லாக்கனுக்கு விமானம் போட்டுத் தருவது அறியாமை. பாரிஸின் கார் த லியோன் நிலையத்தில் ரயில் ஏறினால் சுவிஸ் நகரமான பாசலுக்கு மூன்று மணி நேரம், அங்கிருந்து இன்டர்லாக்கனுக்கு இரண்டு.

சுவிஸில் ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டான சுவிஸ் டிராவல் பாஸில் கடைக்காரர்கள் அடிக்கடி வழுக்குகிறார்கள். பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்கு வரும். ஐந்து ராத்திரி தங்கினால் வரும் நாளும் போகும் நாளும் சேர்த்து ஆறு நாள், எட்டு நாள் பாஸ் தேவையில்லை. ரிகி மலை பாஸிலேயே அடங்கும். டிட்லிஸ் மலைக்குப் பாதிக் கட்டணம். யுங்ஃபிரா மலைக்கு வழியில் உள்ள கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கன் ஊர் வரைதான் பாஸ் செல்லும், அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. "எல்லாம் பாஸில் அடங்கும்" என்று சொல்லி விற்றிருந்தால் மலையடிவாரத்தில் நாலு பேர் குடும்பத்துக்குப் பெரிய தொகை எதிர்பாராமல் போகும். கிளேசியர் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு சீட் பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம். பெற்றோர் பாஸ் வைத்திருந்தால், 16 வயதுக்குள் பிள்ளைகள் அவர்களோடு இலவசமாகப் போக உதவும் சுவிஸ் ஃபேமிலி கார்டு இலவசம். இதைக் கேட்காமலே சொல்லும் கடை நேர்மையான கடை.

கடைசியில் பில். பேக்கேஜாக வாங்கினால் 5 சதவீத ஜிஎஸ்டி, அதோடு டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டிப் பிடித்து உங்கள் பெயரில் கட்டும் வருமான வரி). டிசிஎஸ் விகிதம் பட்ஜெட்டில் மாறுவதால் கட்டும் தேதியில் என்ன விகிதம் என்று எழுதி வாங்குங்கள். டிக்கெட் மட்டும் அல்லது ஹோட்டல் மட்டும் தனியாக வாங்கினால் அது டூர் பேக்கேஜ் ஆகாது, இரண்டாவது சேரும்போதுதான் பேக்கேஜ் டிசிஎஸ் வருகிறது. பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியதா என்று வருமான வரித் தளத்தில் உள்ள உங்கள் வரிப் பதிவில் பாருங்கள், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். கையில் ரொக்கமாகக் கொடுத்து ரசீது இல்லாமல் வந்தால் அந்தப் பணம் திரும்ப வராது.