குழி தோண்டுமுன் யாரைக் கேட்பது? கடலோர ஊரில் வீடு கட்டிய அனுபவம்

இந்த முறை ஊருக்குப் போனது அம்மாவுக்கு ஒரு சின்ன வீடு கட்டிக் கொடுக்க. பழைய ஓட்டு வீட்டை இறக்கிவிட்டு, அதே மனையில் தரைத்தளம் மட்டும். டொராண்டோவில் இருக்கும் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள் பலருக்கு இதே எண்ணம் இருக்கிறது. சுவருக்கும் கூரைக்கும் யோசனை சொல்ல நிறையப் பேர் உண்டு. வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டுவது, தண்ணீர்த் தொட்டிக்குக் குழி எடுப்பது, செப்டிக் டேங்க், தெருவை வெட்டிக் குழாய் இழுப்பது, இதெல்லாம் மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

கட்டட அனுமதி சுலபமாக முடிந்தது. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2500 சதுரஅடி வரையிலான மனையில் 3500 சதுரஅடி வரை தரைத்தளமோ ஒரு மாடியுடனோ வீடு கட்ட ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். மனை கடலுக்குப் பக்கமாக இருந்தால் அதற்கு முன்பே ஒன்றைப் பாருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். அங்கே விதிகள் வேறு. எங்கள் மனை அதற்கு வெளியே இருந்தது.

தெருவை வெட்ட தனி அனுமதி வேண்டும். பேரூராட்சியில் செயல் அலுவலர் பெயருக்கு மனு எழுதி, ரோடு கட்டிங் பணம் கட்டினோம். முதலில் ரோடு யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெரு பேரூராட்சியுடையது, முக்குத் திரும்பினால் நெடுஞ்சாலைத் துறையுடையது. அங்கே வெட்டுவதென்றால் மனு போகும் அலுவலகமே வேறு. அலுவலகத்தில் இருந்த பெண் இதைப் பொறுமையாக விளக்கி, எந்தப் பக்கம் வெட்டினால் ஒரே அனுமதியில் முடியும் என்றும் சொன்னார். அவருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

தெருவுக்கு அடியில் என்ன போகிறது என்ற கேள்விக்குத்தான் அங்கே யாரிடமும் காகிதம் இல்லை. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கு 2012-இல் சட்டமே வந்தது. வீட்டுக்காரர் வேலிக்கால் நடுவதாக இருந்தாலும் 'ஒன்டாரியோ ஒன் கால்' அமைப்பிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆட்கள் வந்து தரையில் வண்ணம் அடித்துப் போவார்கள்: மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை. கட்டணம் கிடையாது. குறியிலிருந்து ஒரு மீட்டருக்குள் இயந்திரம் வைக்கக் கூடாது.

இந்தியாவிலும் 2023 மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைத் தொடங்கினார்கள். தோண்டப்போகும் இடத்தைக் குறித்து அனுப்பினால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். தாறுமாறாகத் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3000 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசே அப்போது சொன்னது. நானும் பதிந்தேன். ஒரு தொலைபேசி நிறுவனம் மட்டும் பதில் அனுப்பியது, குடிநீர்க் குழாயைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

அந்தத் தகவல் தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் இருந்தது. காவிரி கூட்டுக் குடிநீர் எங்கள் பக்கம் வந்த காலத்திலிருந்து வால்வு திருகிக்கொண்டிருக்கிற மனிதர். தெருவில் நடந்தபடியே, "இங்க மூணடியில பெரிய லைன், தம்பி. இந்த வேப்பமரத்துக்குக் கிட்ட வளையும். அங்க கடப்பாரை போட்ராதீங்க" என்று சுண்ணாம்பால் கோடு இழுத்துக் காட்டினார். கோட்டுக்கு இரண்டு பக்கமும் மண்வெட்டியால் மட்டுமே எடுத்தோம். குழாய் அவர் சொன்ன ஆழத்திலேயே இருந்தது. அவர் பணி ஓய்வு பெறுவதற்குள் யாராவது உட்கார்ந்து அவரிடம் வரைபடம் வாங்கிவிட வேண்டும். செயல் அலுவலரிடமும் இதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. காவிரித் தண்ணீர் தினம் வராது, தரைக்குள் தொட்டி இல்லாமல் முடியாது. மேஸ்திரி எட்டடி ஆழம் என்றார். "ஒரு மத்தியானத்துல எடுத்துருவோம், பலகையெல்லாம் எதுக்கு?"

"அண்ணே, பலகைக் காசு நான் தர்றேன். பலகை வைக்காம ஒருத்தரும் உள்ள எறங்க வேணாம்" என்றேன்.

இந்திய தரநிலையே 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு மண் சரியாமல் பலகை வைத்து முட்டுக்கொடுக்கச் சொல்கிறது. அதாவது ஐந்தடி. ஒன்டாரியோவில் 1.2 மீட்டரிலேயே அந்தக் கட்டாயம் வந்துவிடும். நம் கடற்கரை மணல் காய்ந்தால் நிற்காது, நனைந்தால் நிற்பதுபோல் ஏமாற்றும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. நெஞ்சுவரை மூடினாலே உள்ளே இருப்பவருக்கு மூச்சு விரியாது, தலை வெளியே இருந்தும் பயனில்லை. தோண்டிய மண்ணைக் கரையிலேயே குவிக்கும் பழக்கமும் ஆபத்து. அந்தக் கனமே கரையைத் தள்ளும், குறைந்தது 1.5 மீட்டராவது தள்ளிப் போட வேண்டும். சவுக்குக் கம்பும் பலகையும் வாடகைக்குக் கிடைத்தன. ஒரு நாள் கூலி அளவுதான் செலவு. உள்ளே இறங்குகிறவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பணத்தை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

முழுக்குழிக்கு முன் ஓரமாக ஒரு சின்னக் குழி எடுத்துப் பார்த்தோம். ஆடி மாதத்திலேயே ஆறரை அடியில் மணல் ஈரமாக வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் ஊற்று இன்னும் மேலே ஏறும். அப்போது தொட்டி காலியாக இருந்தால் நிலத்தடி நீர் அதை அப்படியே மேலே தூக்கிவிடும், அடித்தளம் வெடிக்கும். ஆழத்தை ஐந்தடியாகக் குறைத்து அகலத்தைக் கூட்டினோம்.

ஆழ்துளைக் கிணறு வேண்டாம் என்று முடிவெடுத்ததும் இந்த மண்ணைப் பார்த்துத்தான். இங்கே நன்னீர் உப்பு நீருக்கு மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் குறைந்தால், கணக்குப்படி கீழே உப்பு சுமார் 40 அடி ஏறும். அப்படியும் போடுகிறவர்கள் உள்ளாட்சியில் எழுத்து அனுமதி வாங்கிவிட்டு, பதிவு பெற்ற வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். தண்ணீர் வராத ஆழ்துளைக் குழாயை அன்றைக்கே மண் போட்டு மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்தது கைவிட்ட குழாயில்தான். எங்கள் தெருவிலும் ஒன்று சாக்குப் போட்டு மூடியபடி கிடந்தது. உரிமையாளரிடம் பேசி, எங்கள் குழி மண்ணையே அதில் நிரப்பினோம்.

செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழிக்கும் (கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழி) குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. 60 அடி நீள மனையில் அது மனையின் முழு நீளம். எங்கள் பழைய கிணறு பின்னால் இருப்பதால் குழியைத் தெருவோரம் வைத்தோம். பக்கத்து வீட்டு அத்தையின் கிணற்றுக்கும் டேப் பிடித்து அளந்தோம், அவர்கள் குடிக்கும் தண்ணீரும் அதே மணலில் ஊறுவதுதானே.

கிராமத்தில் பட்டா நிலம் உள்ளவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இராமநாதபுரம்–தூத்துக்குடி இயற்கை எரிவாயுக் குழாய் 143 கிலோமீட்டர் போகிறது. 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழாய் போகும் பட்டையில் நிலம் உங்களுடையதாகவே இருக்கும், ஆனால் அங்கே கட்டடம், கிணறு, தொட்டி, மரம் எதுவும் கூடாது. நிலத்தில் அடையாளக் கல்லோ பலகையோ தெரிந்தால், அதில் இருக்கும் எண்ணுக்குப் பேசாமல் ஜேசிபியை இறக்காதீர்கள்.

பழம்பொருள் கிடைத்தாலும் மறைக்க வேண்டாம். பெரியபட்டினத்தில் சீனப் பீங்கானும் அழகன்குளத்தில் ரோமானியர் காலப் பொருள்களும் எடுத்த கடற்கரை இது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-இலேயே சட்டம் இருக்கிறது.

வேலை முடிந்ததும் குழாய், தொட்டி, செப்டிக் டேங்க் மூன்றையும் காம்பவுண்டு மூலையிலிருந்து அளந்து, ஆழத்தோடு ஒரு தாளில் வரைந்தேன். ஒரு நகல் பேரூராட்சிக்கு, ஒன்று தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கு, இன்னொன்று மீட்டர் பெட்டிக்குள். நீங்கள் கட்டும்போதும் மண்ணை மூடுமுன் டேப் வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு அளக்க முடியாது.