ரட்டருக்கு புஷ்ராடா, புல்-புல் கேபிளா?

பால்சா மரத்தில் கட்டிய ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) விமானம், சிறகு ஒன்றரை மீட்டர். சர்வோ (ரட்டரை அசைக்கும் சிறு மோட்டார்) விமான உடலின் நடுவில், ரட்டர் (இடது வலது திருப்பும் பலகை) வாலில், இடையே 80 செ.மீ. இரண்டையும் ஒரே தண்டால் தள்ளி இழுத்தால் புஷ்ராடு, இரு பக்கமும் ஒவ்வொரு கேபிளால் இழுத்தால் புல்-புல். இந்த அமைப்புக்கு என் ஓட்டு புல்-புல் கேபிளுக்குத்தான். எடை குறைவு, வால் பாரமாகாது என்பதெல்லாம் தெரிந்த கதை. சேலத்துக்காரர்கள் பார்க்க வேண்டியது வெயிலை.

குழாய்க்குள் ஓடும் நைலான் புஷ்ராடு, 15 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 1 மி.மீ. நீளும். ஹார்ன் (ரட்டரில் பொருத்திய சிறு நெம்புகோல்) 20 மி.மீ. என்றால் ரட்டர் கிட்டத்தட்ட 3 டிகிரி திரும்பி நிற்கும். மதியம் சேலத்தில் ட்ரிம் பார்த்துவிட்டு (நேராகப் பறக்க ரட்டரின் நடுவைச் சரிசெய்துவிட்டு), 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மறுநாள் காலை ஏற்காட்டுக் குளிரில் பறக்கவிட்டால், ஸ்டிக்கைத் தொடாமலே ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டீல் கேபிளும் நீளும்தான், சுமார் 0.2 மி.மீ. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு. விறைப்பு சற்று மாறலாம், ரட்டரின் நடு மாறாது.

சர்வோ ஆர்மிலும் ரட்டர் ஹார்னிலும் துளைகளின் இடைவெளி ஒன்றாக இருக்கட்டும். ஹார்ன் துளை கீல் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். கீலுக்கு முன்னால் தள்ளியிருந்தால், ரட்டர் திரும்பும்போது இரண்டு கேபிளும் விறைத்து சர்வோ முனகும். பின்னால் இருந்தால் தொய்யும். கொஞ்சம் தொய்வைப் பொறுத்துக்கொள்ளலாம், விறைப்பு கூடவே கூடாது.

கேபிள் நுனியைப் பித்தளைக் குழாயில் நுழைத்து, கப்ளரில் (கிளெவிஸ் ஏறும், துளையுள்ள திருகு) கோத்து, திரும்ப நுழைத்து, இன்னொரு சுற்றும் நுழைத்த பிறகே பிளையரால் நசுக்குங்கள். அந்த மூன்றாவது சுற்றை விட்டால் மெல்ல மெல்ல நழுவும். நசுக்கும் முன் கிளெவிஸ் (ஹார்ன் துளையில் மாட்டும் கவ்வி) கப்ளர் மரையில் பாதி வரை ஏறியிருந்தால், பிறகு இரு பக்கமும் சரிசெய்ய இடமிருக்கும். வீணைத் தந்தி மாதிரி முறுக்கேற்ற வேண்டாம், சர்வோ பேரிங் தேயும். சர்வோ ஆனில் இருக்க, ரட்டர் நுனியை விரலால் அசைத்தால் ஆட்டம் தெரியாத அளவு போதும். புதுக் கேபிள் முதல் சில பறத்தலில் இளகும். அப்போது இரண்டு கிளெவிஸையும் சம சுற்று திருகுங்கள். ஒன்றை மட்டும் திருகினால் நடு ஓடிவிடும்.

கார்பன் குழாய் புஷ்ராடு சூட்டுக்கு அநேகமாக அசைவதில்லை. உடலுக்குள் நேர்கோட்டில் ஓட வழியிருந்தால் அதுவும் நல்ல தேர்வு. தள்ளும்போது வளையாமலிருக்க நடுவில் ஒரு தாங்கி வையுங்கள். ஃபோம் விமானத்துக்கு மட்டும் கேபிளைச் சொல்லமாட்டேன். இழுத்துக்கொண்டே இருப்பதில் ஹார்ன் ஊன்றிய இடம் நசுங்கும். அங்கே 1.2 மி.மீ. பியானோ கம்பி (விறைப்பான எஃகுக் கம்பி) புஷ்ராடே தாராளம்.