'ஐசியூ ஆம்புலன்ஸ்' என்ற எழுத்தை நம்பி ஏறாதீர்கள்

சென்ற மாதம் ஒரு நள்ளிரவில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று திண்டுக்கல்லில் நாங்கள் காட்டிய தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். வண்டியையும் அவர்களே வரவழைத்தார்கள். பக்கவாட்டில் சிவப்பில் 'ஐசியூ', உள்ளே மானிட்டர், சீருடையில் ஒரு டெக்னீஷியன். இருபது வயது இருக்கும்.

அப்பாவை மல்லாக்கக் கிடத்திப் பட்டையால் கட்டினான். நுரையீரலில் நீர் கோத்தவரை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அப்பா எழ எழ, "அசையாதீர்கள் ஐயா" என்று தோளை அழுத்தினான். பை தொங்கும் மாஸ்க்கை மாட்டி ஆக்சிஜனை 2 லிட்டரில் வைத்தான். அந்த மாஸ்க்குக்கு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போக வேண்டும், பை உப்பியிருக்க வேண்டும். எங்கள் பை சப்பிக் கிடந்தது. மானிட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 78. "விரல் குளிர்ந்திருக்கிறது அண்ணே, மெஷின் அப்படித்தான் காட்டும்" என்றான்.

கொடைரோடு சுங்கச்சாவடியில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "டேய், லிட்டரைக் கூட்டுடா" என்று அதட்டினார். ஆக, அந்த வண்டியில் வைத்தியம் தெரிந்தவர் ஓட்டுநர்தான்.

வாடிப்பட்டி வருவதற்குள் சிலிண்டர் தீர்ந்தது. கிளம்பும்போது அதன் மீட்டரை யாரும் பார்க்கவில்லை. மாற்று சிலிண்டர் இருந்தது, திறக்கும் சாவி இல்லை. பஞ்சர் கடைக்காரரை எழுப்பி ஸ்பேனர் வாங்கித்தான் திறந்தோம். அந்த நிமிடங்களை எழுத எனக்கு மனம் வரவில்லை.

மதுரையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "இவரை யார் படுக்கவைத்தது?" அப்பா பிழைத்துக்கொண்டார்.

வெளியே அந்தப் பையன் அழுதுகொண்டிருந்தான். மூன்று மாதப் படிப்பாம், 18,000 ரூபாய் கட்டினானாம். பொம்மையின் மார்பை ஒரே ஒருநாள் அழுத்திப் பார்த்திருக்கிறான். நோயாளி மேல் கை வைத்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான மத்தியச் சட்டம், இத்துறையினரின் பட்டயப் படிப்புக்கே குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு ஆண்டு என்கிறது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சான்றிதழ் விற்றவனையும், அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைத்தவனையும் திட்டித் தீர்த்தேன்.

வண்டி ஏறுமுன் மீட்டரைப் பாருங்கள், சாவியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டெக்னீஷியனிடம் எங்கே, எத்தனை நாள் படித்தாய் என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நோயாளியோடு ஒரு நர்ஸை அனுப்பச் சொல்லி மருத்துவமனையிடம் அடம்பிடியுங்கள். நான் பிடிக்கவில்லை.

உரிமையாளரிடம் போனில் கேட்டேன். "உயிரோடுதானே கொண்டுபோய்ச் சேர்த்தோம் சார்?" என்றார். மறுநாள் ரசீது வந்தது. வண்டி வாடகை 6,000. அதற்குக் கீழே, 'பயிற்சி பெற்ற டெக்னீஷியன்: 1,500'.