ஒரு மத்தியானமா, ஒரு வருடமா, நாலு வருடமா? மருத்துவக் கல்லூரிக்கு மூன்று வாசல்கள்

மருத்துவம் படிக்க என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், "எந்த நாட்டில்?" என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. படித்து முடித்தபின் எல்லா ஊர் டாக்டரும் பார்ப்பது அதே கல்லீரலைத்தான். ஆனால் உள்ளே விடுவதற்கு முன்னால் இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் கேட்பவை ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. எது கடினம் என்று பலர் ஒப்பிடுகிறார்கள். அதைவிட, உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு காலத்தைத் தராசில் வைக்கச் சொல்கிறார்கள் என்று பார்ப்பதுதான் உருப்படியான ஒப்பீடு என்பது என் கருத்து.

இந்தியா கேட்பது ஒரு மத்தியானம். நீட் தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். அதில் உயிரியல் மட்டும் பாதி. மீதியை இயற்பியலும் வேதியியலும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பிளஸ் டூவில் இந்தப் பாடங்களில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதமும், அந்த வருடம் டிசம்பர் 31க்குள் 17 வயதும் இருந்தால் போதும். அதற்கு மேல் பள்ளி மதிப்பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நேர்காணல், பரிந்துரைக் கடிதம், "நான் ஏன் டாக்டராக விரும்புகிறேன்" என்ற கட்டுரை எதுவும் கிடையாது.

ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்று சொல்லும்போது ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்பும் நேரமும் அதற்குள் அடக்கம். பால்பாயிண்ட் பேனாவில் நிரப்பியதை அழிக்க முடியாது. சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. இந்த மைனஸ் 1 மாணவர்களை மிரட்டுகிற அளவுக்குக் கணக்கில் மோசமானது அல்ல. கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைக் குறித்தாலும் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம். இரண்டு விடைகளை உறுதியாக ஒதுக்க முடிந்தால் லாபம் ஒன்றரை. ஆனால் தேர்வு அறையில் சராசரி என்பது ஆறுதல் தராது, ஒரு மதிப்பெண்ணில் ரேங்க் எங்கோ போய்விடும். "நீட்டில் தகுதி பெற்றுவிட்டேன்" என்பதற்கும் "இடம் கிடைத்துவிட்டது" என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருப்பதும் அதனால்தான். தகுதி என்பது கலந்தாய்வு வரிசையில் நிற்க அனுமதி, அவ்வளவே.

பிரிட்டன் கேட்பது ஏறத்தாழ ஒரு வருடம். அதுவும் பள்ளி முடித்த கையோடுதான் எடுக்கிறது. ஆனால் ஒரே சல்லடையை நம்புவதில்லை. ஏ லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வில் பெரும்பாலும் மூன்று ஏ கிரேடு, அதில் வேதியியல் அநேகமாகக் கட்டாயம், பல இடங்களில் உயிரியலும். அதற்கு மேல் யூகேட் என்ற கணினித் தேர்வு. இதில் அறிவியலே கிடையாது. பத்தியைப் படித்து முடிவெடுப்பது, தர்க்கம், எண்கணிதம், அப்புறம் "இந்தச் சூழலில் என்ன செய்வீர்கள்" என்ற பகுதி. முதல் மூன்றுக்கும் சேர்த்து 900 முதல் 2700 வரை மதிப்பெண், கடைசிப் பகுதிக்கு 1 முதல் 4 வரை தரநிலை, 1தான் உச்சம். அதில் 4 வாங்கியவரைச் சில பல்கலைக்கழகங்கள் மற்ற மதிப்பெண் என்னவானாலும் எடுப்பதில்லை. முன்பு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்றவை பீமேட் என்ற வேறு தேர்வைக் கேட்டன, அது 2023உடன் முடிந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது வரிசைதான். கோடையில் யூகேட் எழுதினால் மதிப்பெண் ஒரு நாளுக்குள் கையில். விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 15. ஆக, தன் மதிப்பெண் என்ன என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். மருத்துவத்துக்கு நான்கு கல்லூரிகள்தான், ஐந்தாவது இடத்தை வேறு படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். யூகேட்டை ஒரு வருடத்தில் ஒருமுறைதான் எழுத முடியும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பிறகு நேர்காணல். பெரும்பாலான கல்லூரிகள் எம்.எம்.ஐ. என்ற சுற்று நேர்காணலை வைக்கின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்தில் உருவான முறை இது. வரிசையாக அறைகள். கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்க ஓரிரு நிமிடம், மணி அடித்ததும் உள்ளே போக வேண்டும், மறுபடி மணி அடித்ததும் அடுத்த அறை. ஒரு அறையில் இப்படி ஒரு வேலை இருக்கலாம்: காகிதத்தை ஒரு குறிப்பிட்ட விதமாக மடிக்க வேண்டும், மடிப்பவர் உங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். "பாதியாக மடிங்க" என்று ஆரம்பிப்பவர் அங்கேயே தடுமாறுவார், ஏனென்றால் நீளவாக்கிலா குறுக்குவாக்கிலா என்று எதிராளிக்குத் தெரியாது. "நீளமான பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும்" என்று தொடங்கி, ஒவ்வொரு மடிப்புக்கும் "ஆச்சா?" என்று கேட்பவர் தேறிவிடுவார். காகிதம் கடைசியில் எந்த உருவமாக வந்தது என்பது இரண்டாம்பட்சம். மருந்துச் சீட்டைப் புரியவைக்கப்போகிற ஆளை இதைவிட நேராகச் சோதிக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு அறையில் சொதப்பினால் அடுத்த அறையில் இருப்பவருக்கு அது தெரியாது என்பதும் பெரிய ஆறுதல்.

அமெரிக்காவில் மருத்துவம் என்பது இரண்டாவது பட்டம். முதலில் நான்கு வருடக் கல்லூரி. இலக்கியம் எடுத்தாலும் தடையில்லை, உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு முடித்திருந்தால் சரி. இந்த வழக்கத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி 1893இல் திறந்தபோதே பட்டம் இருந்தால்தான் உள்ளே என்றது. பணம் கொடுத்த மேரி காரெட் அம்மையார் வைத்த நிபந்தனைகளில் அது ஒன்று, பெண்களையும் சமமாகச் சேர்க்க வேண்டும் என்பது இன்னொன்று. "நல்லவேளை நாம் பேராசிரியராக வந்தோம், மாணவராக வந்திருந்தால் நம்மைச் சேர்த்திருக்க மாட்டார்கள்" என்று அங்கே பேராசிரியராகச் சேர்ந்த வில்லியம் ஆஸ்லர் தன் சகா வெல்ச்சிடம் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள்.

எம்கேட் என்ற நுழைவுத் தேர்வில் 472 முதல் 528 வரை மதிப்பெண், இடைவேளைகளோடு ஏழரை மணி நேரம். ஆனால் அது ஒரு துண்டுதான். நான்கு வருட கிரேடுகள் எல்லாம் கணக்கில் சேரும். முதல் செமஸ்டரில் சறுக்கிய பாடத்தை மறுபடி படித்து மேலே வந்தாலும் பழைய கிரேடும் சராசரியில் உட்கார்ந்திருக்கும். டாக்டருக்குப் பின்னால் நின்று வேலையைக் கவனித்த மணிக்கணக்கு, ஆய்வு, தொண்டு, பேராசிரியர்களின் கடிதங்கள் எல்லாம் வேண்டும். பொது விண்ணப்பத்தில் 15 அனுபவங்கள் வரை எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் இடைவெளியையும் சேர்த்து 700 எழுத்துகள்தான்.

அந்த 700 எழுத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "மருத்துவமனையில் 200 மணி நேரம் தொண்டு செய்து இரக்கம் கற்றேன்" என்று எழுதினால் படிப்பவர் மனதில் ஒன்றும் நிற்காது. "வீல்சேரை லிஃப்டுக்குள் பின்பக்கமாக இழுத்துப் போக வேண்டும், அப்போதுதான் நோயாளி சுவரைப் பார்த்தபடி போகாமல் கதவைப் பார்த்திருப்பார்" என்று எழுதினால், இந்த ஆள் உண்மையிலேயே அங்கே இருந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். இந்த முறையின் அழகும் அநியாயமும் இதே இடத்தில்தான். குடும்பத்தில் டாக்டர் இருப்பவருக்கு அந்த மணிக்கணக்கு ஒரு போன் தூரம். படித்துக்கொண்டே வேலைக்கும் போகிறவருக்கு அது கிடைக்காத நேரம். நீட்டுக்கும் பயிற்சி மையம், பணம் என்று அதன் சொந்த அநியாயம் உண்டு. ஆனால் வினாத்தாளுக்கு உங்கள் அப்பா யார் என்று தெரியாது.

விண்ணப்பம் போட்டு வகுப்பில் உட்கார ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். பல அமெரிக்கக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதே இல்லை என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

17 வயதிலேயே முடிவெடுத்துவிட்டு, பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சலிக்காதவருக்கு இந்திய வழி பொருந்தும். பேச்சும் நிதானமும் உள்ள, ஆனால் மனப்பாடத்தில் சுமாரான பிள்ளைக்குப் பிரிட்டன். டாக்டராக வேண்டுமா என்று 20 வயதில்தான் தோன்றியது என்றால் அமெரிக்கா அந்தத் தாமதத்தைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. (பிரிட்டனிலும் பட்டதாரிகளுக்கான தனிப் படிப்பு உண்டு, இடங்கள் குறைவு.)

கிடைக்காமல் போனால் கையில் என்ன மிஞ்சும் என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் அந்த ஐந்தாவது இடம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பட்டம் ஏற்கெனவே இருக்கிறது, எம்கேட்டை வாழ்நாளில் ஏழு தடவை வரை எழுதலாம். நீட் எழுதியவர் கையில் ஒரு மதிப்பெண் அட்டை இருக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம்தான், ஆனால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வருடம்.