ராணிப்பேட்டை ஸ்பிரிங் பட்டறையில் சுற்றிய செம்புச் சுருள்: ஒரு மதிப்புரை

வேலூர்ப் பகுதிக் கல்லூரி ஒன்றின் நுண்ணலை ஆய்வகத்திற்காக, நுண்ணலையைப் பெருக்கும் வெற்றிடக் குழாயான பயண அலைக் குழாயின் சுருளை மாணவர்கள் கையில் எடுத்து அளந்து பார்க்கும் வகையில் பெரிதாக்கி, ராணிப்பேட்டையில் ஸ்பிரிங் சுற்றும் பட்டறை ஒன்றில் 2 மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் செய்து வாங்கினேன்.

நான் கேட்டது 20 மில்லிமீட்டர் சராசரி விட்டம், 7 மில்லிமீட்டர் பிட்ச் (அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையிலான தூரம்). கம்பியின் வழியே ஒளிவேகத்தில் ஓடும் அலை, ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 63 மில்லிமீட்டர் கடந்தும் அச்சின் திசையில் 7 மில்லிமீட்டரே முன்னேறுவதால், அத்திசையில் அதன் வேகம் ஒளிவேகத்தில் ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. 3 கிலோவோல்ட்டுக்குச் சற்று மேலான மின்னழுத்தத்தில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் வேகமும் அதுவே. சுருளின் நடுவே செல்லும் எலக்ட்ரான் கற்றையை அலையைவிடச் சற்றே விரைவாகச் செலுத்தினால், எலக்ட்ரான்கள் திரள்களாகக் கூடி, வேகம் குறைந்து, தம் ஆற்றலை அலைக்குத் தருகின்றன. 1943இல் பொறியாளர் ருடால்ஃப் காம்ஃப்னர் கண்ட இந்த வழியில் அமைந்த குழாய்தான் 1962இல் டெல்ஸ்டார் செயற்கைக்கோளிலும் பணியாற்றியது.

ஆகவே இத்தகைய சுருளில் பிட்ச் சீராக இருப்பதே முதன்மையானது; அதில் இந்தப் பட்டறை என் முழு மதிப்பையும் பெறுகிறது. சுற்றி முடித்துக் கழற்றியதும் கம்பி சற்று விரியும் என்பதை அறிந்து, அனீல் செய்த (சூடாக்கி மென்மையாக்கிய) மென்கம்பியைத் தேர்ந்து, கம்பியைச் சுற்றும் உருளையான மாண்ட்ரலைக் கேட்ட அளவைவிடச் சிறிதாகக் கடைந்து, லேத்தின் லீட் ஸ்குரூ (கம்பியைச் சீராக நகர்த்தும் திருகு) வேகத்திலேயே சுற்றியிருக்கிறார்கள். முனை முதல் முனை வரை வெர்னியரில் அளந்தபோது குறை காண முடியவில்லை. கூலியும் நியாயமானது.

சுருளைத் தாங்கும் மூன்று நைலான் கம்பிகளில்தான் எனக்கு நிறைவில்லை. அவை தடித்திருப்பதால் மின்புலத்தின் கணிசமான பகுதி நைலானுக்குள் செல்ல, அலை கணக்கிட்டதைவிட மெதுவாகிறது. உண்மைக் குழாய்களில் டங்ஸ்டன் அல்லது மாலிப்டினச் சுருளை மெல்லிய பீங்கான் கம்பிகள் தாங்குகின்றன. அவை சுருளின் வெப்பத்தையும் வெளியே கடத்துகின்றன.

படிப்படியாக மாறும் பிட்ச் இந்த லேத்தில் இயலாது. பெருக்கிக் குழாயின் வெளியீட்டு முனையில், ஆற்றலிழந்து தளரும் எலக்ட்ரான்களுக்கு ஏற்பப் பிட்சைக் குறைப்பதுண்டு. இத்தகைய சுருளைப் பயன்படுத்தும் துகள் முடுக்கியிலோ, வேகம் கூடும் அயனிகளுக்கு ஏற்ப அதைக் கூட்ட வேண்டும். 1970களில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வகத்திலும் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்திலும் மீகடத்திச் (மின்தடை ஏறத்தாழ இல்லாத) சுருள்களை அயனிகளுக்காக முயன்றபோது, சுருளின் அதிர்வால் ஒத்ததிர்வு அதிர்வெண் அலைந்ததே பெருந்தொல்லையாயிற்று. அவ்வகை மாதிரி வேண்டுவோர் கணினி இயக்கும் சி.என்.சி. சுற்று இயந்திரம் உள்ள பட்டறையை நாடலாம். சீரான சுருள் போதுமென்றால் இங்கேயே கொடுக்கலாம். தாங்கு கம்பியின் தடிமனை மட்டும் வரைபடத்தில் தெளிவாகக் குறித்துத் தாருங்கள்.