குழந்தைகளோடு ஸ்நார்க்கலிங் போகிறவர்கள் கவனத்துக்கு

போன வாரக் கடைசியில் குடும்பத்தோடு ஒரு தீவுக்குப் போய் ஸ்நார்க்கலிங், அதாவது முகத்தில் மாஸ்க்கும் வாயில் மூச்சுக் குழாயுமாகக் குப்புற மிதந்து கடலடியைப் பார்ப்பது, செய்தோம். செய்தோம் என்பதைவிட, பணம் கட்டிவிட்டு 35 நிமிடம் கடலில் தத்தளித்தோம் என்பதுதான் சரி. யார் படகு, எந்தத் தீவு என்று எழுதப் போவதில்லை. அந்த ஆளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. மகளுக்கு 9 வயது. அவளைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் எனக்கு யாராவது இதையெல்லாம் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது, அதற்காகத்தான்.

கரையில் ஒரு குடை, ஒரு மேசை, மேசைமேல் ஆல்பம். ஆல்பம் முழுக்க ஊதாவும் மஞ்சளுமாகப் பவளப்பாறை. இரண்டு இடம் காட்டுவோம், மொத்தம் மூன்று மணி நேரம், குழந்தைகளுக்குத் தனி சைஸில் மாஸ்க் உண்டு, தண்ணீரில் கூடவே கைடு வருவார் என்றார் மேசைக்காரர். பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார். அதில் தலைக்கணக்கும் நேரமும் மட்டும்தான் இருந்தன. இரண்டு இடமும் இல்லை, கைடும் இல்லை. நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

காலை 8 மணி என்று சொன்ன படகு மதியம் ஒன்றரைக்குக் கிளம்பியது. நேரம் போனதுகூடப் பெரிதில்லை. மதியத்துக்கு மேல் பெரும்பாலும் காற்று எழும்பிவிடும், சிற்றலை அடிக்கும், குழாய்க்குள் தண்ணீர் தெறிக்கும். முதல்முறை இறங்கும் குழந்தைக்கு அது போதும், மிரண்டுவிடும். படகில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, மேசைக்காரருக்கும் படகுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் வெறும் தரகர். படகுக்காரருக்கு அவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதே தெரியாது.

இப்போது மாஸ்க் விஷயம். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கலங்கிய தண்ணீர், அதற்குள் எல்லா மாஸ்க்கும் ஒன்றாகக் கிடந்தன. குழந்தை சைஸ் எங்கே என்றேன். பட்டையை இறுக்கினால் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகாது. பட்டையை இழுக்க இழுக்க முகத்தில் படியும் ரப்பர் விளிம்பு கோணிக்கொண்டு, இன்னும் அதிகமாகத்தான் ஒழுகும். மகள் தலையைத் தண்ணீருக்குள் விட்ட ஐந்தாவது நொடியில் மூக்குவரை நிரம்பிவிட்டது. இருமிக்கொண்டு நிமிர்ந்தாள். கண்ணைச் சுற்றி வட்டமாகச் சிவந்த தடம், அடுத்த நாள் காலைவரை போகவில்லை.

அப்புறம் ஒரு டைவிங் பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தார். பட்டையைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை உள்ளே இழுத்துக் கையை எடுக்க வேண்டும். மூச்சைப் பிடித்திருக்கும்வரை மாஸ்க் விழாமல் ஒட்டியிருந்தால் அது உங்கள் அளவு. விழுந்தால் இல்லை. கரையிலேயே பார்த்துவிடலாம். விளிம்புக்கு அடியில் ஒரு முடி மாட்டினாலும் ஒழுகும். எனக்கு ஏன் ஒழுகியது என்று கேட்டேன். மீசையைப் பார்த்துச் சிரித்தார்.

முழு முகத்தையும் மூடும் மாஸ்க் இருக்கிறது, கூடுதல் பணம் கொடுத்தால் தருகிறோம் என்றார்கள். மச்சான் வாங்கி மாட்டினார், பத்து நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது என்று கழற்றிவிட்டார். மலிவாகச் செய்யப்பட்டவற்றில் வெளியே விட்ட மூச்சு முழுசாகப் போகாமல் உள்ளேயே தங்கி, கரியமில வாயுவையே திரும்பத் திரும்ப இழுக்க வேண்டி வரும். அவசரத்தில் சட்டென்று கழற்றவும் வராது. குழந்தைக்கு அதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

லைஃப் ஜாக்கெட்டும் பெரியவர்களுடையதுதான். தண்ணீரில் இறங்கியதும் மகளின் காதுவரை ஏறிவிட்டது. கால்களுக்கு இடையே போகும் பட்டை இருந்தால் இப்படி ஏறாது, அதில் இல்லை. தடித்த ஃபோம் ஜாக்கெட் ஆளை மல்லாக்கப் புரட்டப் பார்க்கும், ஸ்நார்க்கலிங்குக்கோ குப்புறக் கிடக்க வேண்டும். வாயால் ஊதிக்கொள்ளும் மெல்லிய உடுப்பு இதற்கென்றே இருக்கிறது என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

கைடு? இருந்தார். படகின் விளிம்பில் உட்கார்ந்து எல்லாரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். படங்களுக்குத் தனிப் பணம்.

20 நிமிடத்தில் மகளின் உதடு நீலம் பாய்ந்து பல் தந்தியடித்தது. வெயில் நாட்டுக் கடலில் குளிருமா என்று நானும் நினைத்தவன்தான். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். மனைவி அவளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் கீழே பார்த்தேன். ஆல்பத்தில் இருந்த நிறம் ஒன்றுகூட இல்லை. ஒடித்துப் போட்ட விரல்கள்போலப் பவளத் துண்டுகள், மேலே பழுப்புப் பாசி. தண்ணீர் அதிகம் சூடானால், பவளம் தனக்குள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் செத்து, மேலே பாசி படரும். உலக அளவில் நான்காவது பெரும் வெளிறல் நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அதனால் ஆல்பத்தைக் காட்டினால், படம் எந்த வருடம் எடுத்தது என்று கேளுங்கள். அதே இடம்தானா என்றும் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாதது திரும்பும் நேரத்தில் நடந்தது. எல்லாரும் வந்தாச்சா என்று படகுக்காரர் ஒரு குரல் கொடுத்தார். வந்தாச்சு என்று நாலைந்து பேர் கத்தினார்கள். இன்ஜினைப் போட்டுவிட்டார். மச்சான் அப்போது பின்பக்க ஏணியின் கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில்தான் இருந்தார், ப்ரொப்பெல்லருக்கு ஒரு கை தூரத்தில். மனைவி போட்ட அலறலில்தான் இன்ஜின் நின்றது. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபில், ஸ்கூபா டைவிங் போன ஒரு தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. இரண்டு நாள் கழித்துத்தான் ஆள் குறைவதே தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. அங்கேயும் தலை எண்ணியதில்தான் கோளாறு. பெயர்ப் பட்டியல் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடாத படகில் நான் இனி ஏற மாட்டேன்.

இரண்டாவது இடத்துக்குப் போகவே இல்லை. கரையில் தரகரைப் பிடித்துக் கேட்டேன். படகுக்காரரிடம் கேள் என்றார். படகுக்காரர், பணம் வாங்கியவரிடம் கேள் என்றார். ஏறும்போது அவசர அவசரமாகக் கையெழுத்து வாங்கிய தாளைக் காட்டினார்கள். என்ன நடந்தாலும் பொறுப்பு எங்களுடையதே என்று அதில் நானே ஒப்புக்கொண்டிருந்தேன். பணம் ஒரு பைசா திரும்பவில்லை.

மறுநாள் கிளம்புவதற்கு முன் ஒரு டைவிங் கடைக்குப் போனோம். மகள் ஒவ்வொரு மாஸ்க்காக முகத்தில் வைத்து, மூக்கால் இழுத்து, கையை விட்டுப் பார்த்தாள். நாலு விழுந்தன. ஐந்தாவது ஒட்டிக்கொண்டு நின்றது. அதைக் கழற்றாமலே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.