கிராமப்புறக் கவுண்டியின் வருமானம்: ஏசிஎஸ்ஸா, எஸ்ஏஐபிஇயா?

அமெரிக்காவில் 65,000 பேருக்குக் குறைவான கவுண்டிக்கு (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) ஏசிஎஸ் எனும் அமெரிக்க சமூகக் கணக்கெடுப்பின் முழு ஓராண்டுக் கணக்கு வெளியாகாது. அப்போது இடைநிலைக் குடும்ப வருமானத்துக்கு (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேல், பாதி கீழ்) பெரும்பாலும் சென்சஸ் துறையின் இந்த இரண்டில் ஒன்றைத்தான் நம்ப வேண்டும்: ஏசிஎஸ் ஐந்தாண்டுக் கணக்கு, அல்லது எஸ்ஏஐபிஇ எனும் சிறுபகுதி வருமான, வறுமை மதிப்பீடு.

எப்படிக் கிடைக்கிறது?
ஏசிஎஸ் ஐந்தாண்டு: 60 மாதக் கணக்கெடுப்பு விடைகளின் திரட்டு.
எஸ்ஏஐபிஇ: ஏசிஎஸ்ஸின் ஓராண்டு விடைகளோடு வருமான வரிப் பதிவுகள் போன்றவற்றையும் சேர்த்து, புள்ளியியல் மாடல் மூலம் போடும் மதிப்பீடு.

காலப்போக்கு
ஏசிஎஸ்: பலர் சறுக்குவது இங்கேதான். 2015–19, 2016–20 இரண்டுக்கும் நான்கு ஆண்டுகள் பொது. அந்த வித்தியாசத்தை ஓராண்டு வளர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள். 2010–14ஐ 2015–19உடன் வைத்துப் பாருங்கள், அதுதான் முறை.
எஸ்ஏஐபிஇ: ஆண்டுக்கு ஒரு தனி எண். ஆனால் 2005 மதிப்பீட்டில் அடிப்படைக் கணக்கெடுப்பு சிபிஎஸ்ஸிலிருந்து (சென்சஸ் துறையின் இன்னொரு கணக்கெடுப்பு) ஏசிஎஸ்ஸுக்கு மாறியது. அதைத் தாண்டி ஒரே கோடாக இழுப்பது ஆபத்து.

உள்விவரம்
ஏசிஎஸ்: வயது, இனம், கவுண்டிக்குள் சிறுபகுதி வரை.
எஸ்ஏஐபிஇ: கவுண்டியோடு சரி.

ஆண்டுவாரிப் போக்குக்கு நான் எஸ்ஏஐபிஇயைத்தான் எடுப்பேன்; கவுண்டிக்குள் யார் பின்தங்குகிறார்கள் என்பதற்கு ஏசிஎஸ். எதுவானாலும் டாலரை ஒரே ஆண்டு விலைவாசிக்கு மாற்றுங்கள், 90% பிழை வரம்பையும் (உண்மை எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதை 90% நம்பிக்கையோடு சொல்லும் அளவு) பாருங்கள். டெக்சஸின் லவிங் கவுண்டியில் 2020 சென்சஸில் இருந்தது 64 பேர். அங்கே வரம்பு இல்லாமல் தனி எண்ணைச் சொல்லவே கூடாது.